கணக்கு வகுப்புக்குக் கென்கென்: சேரன்மகாதேவிப் பக்கத்து வாத்தியார் ஒருவரின் விமர்சனம்

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர்கள் புதிர் விளையாட்டு எதை வாங்கலாம் என்று கேட்டால், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், கென்கென் என்கிற எண் புதிரை எடுங்கள் என்றுதான் சொல்வேன். 2004-ல் ஜப்பானில் டெட்சுயா மியாமோட்டோ என்ற கணக்கு ஆசிரியர் தன் மாணவர்களுக்காகவே உருவாக்கியது. பத்திரிகைகளுக்குப் போனதெல்லாம் அப்புறம்தான்.

விதி சின்னது. 4×4 கட்டம் என்றால் குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே தடவை வர வேண்டும். சில கட்டங்களைத் தடித்த கோட்டால் வளைத்து, மூலையில் '12×', '3−' என்று எழுதியிருக்கும், உள்ளே போடுகிற எண்களைப் பெருக்கினாலோ கழித்தாலோ அந்த விடை வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் அந்த வளைப்பை வீடு என்கிறார்கள்.

சுடோகு போதாதா என்று கேட்கிறார்கள். சுடோகுவில் எண்ணுக்குப் பதில் அ, ஆ, இ போட்டாலும் ஆட்டம் அப்படியேதான் இருக்கும், ஒரு கூட்டல்கூட கிடையாது. ஆடுபுலி ஆட்டம் 3 புலியையும் 15 ஆட்டையும் வைத்து முன்யோசனையை நன்றாகவே வளர்க்கும், ஆனால் அதிலும் கணக்குப் போட வேண்டியதில்லை. கென்கென்னில் யோசிப்பதும் கணக்குப் போடுவதும் ஒரே வேலை.

ஒரு வீட்டை மட்டும் பாருங்கள். 'ட' வடிவத்தில் மூன்று கட்டம், '12×'. எல்லோரும் 1, 3, 4 என்று உடனே சொல்லிவிட்டார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, "2, 2, 3-ம் வரும் சார்" என்றாள். "ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு எப்படி ரெண்டு தடவ வரும்?" என்று ஒருவன் எழுந்தான். "ஒரே வரிசையில வந்தாத்தானல தப்பு? இது மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணுலா, வரலாம்லா" என்றாள். அப்படியென்றால் 3 மூலையில்தான் உட்கார வேண்டும் என்று வகுப்பே கண்டுபிடித்தது. காரணிகளை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது இந்த வாதம் ஒருநாளும் வந்ததில்லை. விடை சரியா என்று என் முகத்தைப் பார்க்காமல் கட்டத்தைப் பார்க்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. கென்கென் நிறுவனத்தார் ஆசிரியர்களுக்கு வாராவாரம் இலவசமாகவே மின்னஞ்சலில் புதிர் அனுப்புகிறார்கள், ஆனால் எல்லாம் ஆங்கிலம், தமிழ் விளக்கம் நாமே எழுதித்தான் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். கழித்தல் வீட்டில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது என்பதுதான் விதி, குறை எண்களைப் படித்துவிட்டு வருகிறவன் "1-லிருந்து 4 போனா −3 தானே சார்" என்று கேட்பான், நியாயமான கேள்வி, முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னம், வடிவியல் பக்கம் இது எட்டிக்கூடப் பார்க்காது. அப்புறம், யார் முதலில் முடிப்பது என்று போட்டி வைக்காதீர்கள், வேகமான நாலு பேர் கத்திவிட்டால் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

நெட் சரியாக எடுக்காத ஊர்க்காரர்கள் சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதில் கீன் என்ற பெயரில் இதே ஆட்டம் இருக்கிறது, நெட் இல்லாமலே ஓடும், பெருக்கல் மட்டும் வருகிற மாதிரியும் அமைக்கலாம். வாய்ப்பாட்டில் திணறுகிற பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் கொடுக்கிறேன்.

தொடங்கும்போது 3×3 போதும், அதையும் ஜெராக்ஸ் எடுக்காமல் கரும்பலகையிலேயே போட்டு, எண்ணை எழுத வருகிறவர் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4×4-ல் எந்த வரிசையைக் கூட்டினாலும் 10 வரும் என்பதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றிரண்டு வாரத்தில் அவர்களே வந்து சொல்வார்கள்.