டைனோ தாளை நம்பி ஏமாந்தேன்: டர்போ காருக்கு இன்டேக் கிட், ரீமேப் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

டர்போ பெட்ரோல் காருக்கு இன்டேக் கிட்டும் (என்ஜினுக்குக் காற்று போகும் பாதையின் மாற்றுப் பாகங்கள்) ரீமேப்பும் (என்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது) போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடையை மட்டும்தான் தவிர்ப்பீர்கள். எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

என்னுடையது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல். என்ஜினில் 150 குதிரைத்திறன் என்பது கம்பெனிக் கணக்கு. நான்கு வருடமாக ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை. இருந்தாலும் மேட்டில் ஏறும்போது, முந்திச் செல்லும்போது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசை. பல மாதம் பணம் சேர்த்துத்தான் போனேன். பழைய ஃபில்டர் பெட்டிக்குப் பதிலாக அகலமான அலுமினியக் குழாய், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர், இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது) சிலிகான் ஹோஸ்கள், அப்புறம் என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வில் ரீமேப். இதுதான் பேக்கேஜ். சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு பவரை அளக்கும் மேடைதான் டைனோ. "முன்னும் பின்னும் டைனோல ஓட்டித் தாளே கையில குடுத்துடுவோம் சார், 35 குதிரைத்திறனுக்குக் கீழ ஏறினா காசே வேண்டாம்" என்றார்கள். அந்தத் தாள் என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். எண்ணில் எழுதிக் கொடுப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன்.

காலையில் முதல் ஓட்டம். உள்ளே விடவில்லை, பாதுகாப்பு விதியாம். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். பானெட் மூடியிருந்தது, முன்னால் இருந்த பெரிய மின்விசிறி சுற்றவில்லை. அப்போது அது எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மாலையில் கூப்பிட்டுக் கடைசி ஓட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார்கள். பானெட் திறந்திருந்தது, மின்விசிறி பேரிரைச்சலோடு ஓடியது. இரண்டு தாள் கொடுத்தார்கள். முன்பு 112, பின்பு 149. மொத்தம் 37 குதிரைத்திறன் ஏறியிருக்கிறது!

வீட்டுக்கு ஓட்டி வரும்போது வண்டி பறப்பது போல இருந்தது. ஃபில்டர் வெளிப்படையாக இருப்பதால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் டர்போ காற்றை உறிஞ்சும் சத்தம் உள்ளே வரை கேட்கும். சத்தம் கூடினால் வேகமும் கூடிவிட்டதாக உடம்பு நம்பிவிடும். ஒரு வாரம் நானும் நம்பினேன்.

பதினோராவது நாள். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கிறேன். பாதி நீளம் தாண்டியிருப்பேன், முன்னால் பட்டென்று ஒரு வெடிச் சத்தம். இழுவை மொத்தமாகப் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. எதிரே வண்டி எதுவும் வராததால் தப்பித்தேன். இதை எழுதும்போதுகூட அந்தச் சில நொடி நெஞ்சில் வந்து போகிறது.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். இன்டர்கூலரிலிருந்து வரும் சிலிகான் ஹோஸ் கழன்று தொங்கியது. அலுமினியக் குழாயின் முனையை விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. ஹோஸ் நழுவாமல் பிடித்துக்கொள்ள முனையைச் சுற்றி ஒரு மேடு இருக்க வேண்டும், அது இல்லை. போட்டிருந்தது தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்கு மாட்டுகிற சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப். அதன் பல் இறங்கி சிலிகானில் வரிவரியாக வெட்டியிருந்தது. டர்போவின் அழுத்தம் போகிற இடத்தில் டி-போல்ட் கிளாம்ப் போடுவதுதான் முறை. அது சுற்றிலும் சமமாக இறுக்கும், ரப்பரை வெட்டாது. போன் செய்தால், "கிளாம்ப் லூஸ் ஆயிருக்கும் சார், டைட் வெச்சு ஓட்டுங்க" என்று பதில். உயிர் போயிருக்கும் என்று சொன்னேன். அதற்கும் அதே பதில்.

அடுத்த நான்கு நாளில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. கோளாறுக் குறியீடு பி 0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை. மறுபடியும் போன். "ரீமேப் பண்ண வண்டியில இது சகஜம் சார், அழிச்சுட்டு ஓட்டுங்க." இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஒழுங்காகச் செய்த ரீமேப்பில் அந்த விளக்கு எரியக் கூடாது.

வழக்கமாக சர்வீஸ் செய்யும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனரை மாட்டி முதலில் பார்த்தது ஃப்யூல் ட்ரிம். நீண்டகால ட்ரிம் பிளஸ் 18 சதவீதம். இ.சி.யு. தன் கணக்குப்படி ஊற்றும் பெட்ரோல் போதாமல், ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து 18 சதவீதம் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் இது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், 10ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு. எங்காவது காற்று கசிகிறதா என்று புகை விட்டுப் பார்த்தார். கசிவு இல்லை. காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றினார். ஃபில்டரில் தடவிய எண்ணெய் அதன் கம்பியில் லேசாகப் படிந்திருந்தது. அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயில் கழுவி மாட்டி ஓட்டிப் பார்த்தோம். அப்படியும் 18 இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, பழைய பெட்டிய வெச்சிருக்கீங்களா?" என்றார். டிக்கியில் கிடந்தது. வெர்னியரை எடுத்துச் சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டத்தை இரண்டிலும் அளந்தார். பழையது 70 மில்லிமீட்டர், புதியது 76.

ஆறு மில்லிமீட்டர்தானே என்று எனக்குத் தோன்றியது. அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தச் சென்சார் குழாயில் போகும் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. தன் கம்பிமேல் படுகிற காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து, குழாய் 70 மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொண்டு மொத்தத்தைச் சொல்கிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 76ஐ 70ஆல் வகுத்து வர்க்கம் செய்தால் 1.18. குழாயின் பரப்பு 18 சதவீதம் கூடிவிட்டது, சென்சாருக்கு அது தெரியாது. ஸ்கேனரில் நின்ற அதே 18!

அகலக் குழாய் போடுவது தப்பில்லை. போட்டால் ரீமேப் செய்பவர் சென்சாரின் அளவு அட்டவணையைப் புதுக் குழாய்க்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். என் வண்டிக்கு அதைச் செய்யவே இல்லை. இந்தக் கிட்டுக்கென்றே எழுதிய ஃபைல் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். போட்டதோ டர்போ அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிய ஏதோ ஒரு பொது ஃபைல். ஃபைலுக்கும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை.

இதில் பெட்ரோல் குறைவது பாதி ஆபத்துதான். மீதி பாதியை நிறைய பேர் யோசிப்பதில்லை. காற்று குறைவாக வருகிறது என்று இ.சி.யு. நினைத்தால், என்ஜினில் சுமை குறைவு என்றும் நினைக்கும். சுமை குறைவு என்றால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளும். உண்மையில் சிலிண்டருக்குள் இருப்பது வழக்கத்தைவிட அதிக அழுத்தம், அதிக காற்று. அங்கே பொறி முன்கூட்டியே விழுந்தால் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) வராமல் என்ன செய்யும்? போக்குவரத்து இல்லாத தனி இடத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் பதிவு செய்ய, நான்காவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் ஒரு ஓட்டம் ஓட்டினேன். மூன்றாவது சிலிண்டரில் நாக்கிங்கை அடக்க இ.சி.யு. டைமிங்கை 7 டிகிரி பின்னால் இழுத்திருந்தது. ஒரு கையால் தள்ளி, மறு கையால் இழுத்துப் பிடிக்கிற கதை. பவர் எப்படி ஏறும்?

பிளக்குகளைக் கழற்றினார். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே மினுமினுக்கும் வெள்ளிப் பொட்டுகள். "இந்த மினுக்கு என்னன்னு தெரியுதா? பிஸ்டனோட அலுமினியம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. உடனே கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று) பார்த்தோம், கேமரா விட்டுப் பிஸ்டன் தலையையும் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய சமம், மூன்றாவது பிஸ்டனின் ஓரத்தில் மட்டும் லேசான அரிப்பு. இன்னும் சில வாரம் விளக்கை அழித்துவிட்டு ஓட்டியிருந்தால் ரிங் அமரும் இடமே உடைந்திருக்கும் என்றார்.

இப்போது அந்தத் தாள்கள். அன்று இரவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டார்க்கும் (என்ஜின் சுழற்றும் விசை) பவரும் தனித்தனி அளவுகள் இல்லை. ஒன்று தெரிந்தால் மற்றது கணக்கில் வந்துவிடும்: டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்.பி.எம்.மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி, 7,024ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன். முதல் தாளில் 5,500 ஆர்.பி.எம்.மில் டார்க் 143. பெருக்கி வகுத்தால் 112. சரியாக இருக்கிறது. இரண்டாம் தாளில் அதே 5,500ல் டார்க் 167. பெருக்கி வகுத்தால் 131 வருகிறது. தாளில் அச்சடித்திருப்பதோ 149!

18 குதிரைத்திறன் எங்கிருந்து வந்தது? முதல் தாளில் சக்கரத்தில் அளந்த பவர். இரண்டாவதில் கியர்பாக்ஸில் வீணாகும் பங்கையும் கூட்டி என்ஜின் பவராகக் காட்டியிருக்கிறார்கள், டார்க் கோட்டை மாற்ற மறந்துவிட்டார்கள். (உங்கள் தாளில் டார்க் பவுண்டு-அடியிலும் பவர் எச்.பி.யிலும் ஒரே அளவுகோலில் இருந்தால் பெருக்கவே வேண்டாம். இரண்டு கோடும் 5,252 ஆர்.பி.எம்.மில் வெட்டிக்கொள்ள வேண்டும். வேறு இடத்தில் வெட்டினால் தாள் பொய்.)

தாளின் மூலையில் பொடி எழுத்தில் இன்னொன்று. முதல் ஓட்டத்துக்குத் திருத்தம் 'எஸ்.ஏ.இ.', இரண்டாவதற்கு 'எஸ்.டி.டி.'. அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கு ஏற்ப டைனோ முடிவைத் திருத்திக் காட்டும் முறைகள் இவை. எஸ்.ஏ.இ. ஜே1349 முறை 25 டிகிரி வெப்பநிலையை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. எஸ்.டி.டி. அதைவிடக் குளிர்ந்த 15.5 டிகிரியையும் கூடுதல் காற்றழுத்தத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஒரே ஓட்டத்தை எஸ்.டி.டி.யில் அச்சடித்தால் 4 சதவீதம் வரை கூடுதலாகத் தெரியும். அந்த 131ஐ எஸ்.ஏ.இ.க்கு மாற்றினால் 126தான். முதல் ஓட்டத்தின் 112க்குக் காரணம் அந்த மூடிய பானெட்டும் ஓடாத மின்விசிறியும். சூடேறிய டர்போ என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைத்துக்கொள்ளும்.

சந்தேகமாக விடக் கூடாது என்று, எதையும் விற்காத, அளந்து மட்டும் கொடுக்கும் வேறொரு டைனோவுக்குப் போனேன். கிட் இருந்தபடியே மூன்று ஓட்டம்: சக்கரத்தில் 126. பிறகு பழைய பெட்டி, பழைய ஹோஸ், கம்பெனி சாஃப்ட்வேர் எல்லாம் போட்டு அதே மேடையில், அதே கியரில், அதே டயர் காற்றழுத்தத்தில் மூன்று ஓட்டம்: 124. ஒரே வண்டியை அடுத்தடுத்து ஓட்டினாலே இரண்டு குதிரைத்திறன் முன்னே பின்னே வரும். நான் வாங்கிய 37 குதிரைத்திறன் முழுவதும் காகிதத்தில்தான் இருந்தது.

கம்பெனி சாஃப்ட்வேர் என்றேனே, அதைத் திரும்பப் போடுவது தனிப் பாடு. கடையில் என் பழைய ஃபைலைக் கேட்டேன். "ஒரிஜினல எடுத்து வைக்கல சார், அதே மாடலோடது நெட்ல கிடைக்கும், போட்டுத் தர்றோம்." ஒரே மாடலிலும் சாஃப்ட்வேர் பதிப்பு வேறுபடும், இன்னொரு வண்டியின் ஃபைலை என் இ.சி.யு.வில் எழுத நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. இ.சி.யு.வில் வெளியார் எழுதியிருப்பது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே தெரிந்தது. அதைப் பதிவும் செய்துகொண்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் பெட்ரோல் சரியில்லை என்றார்கள், பிறகு என்ஜினே ஏற்கெனவே பலவீனம் என்றார்கள். இரண்டு தாளையும் கணக்கையும் காட்டியபோது அங்கிருந்த மூத்தவர், "அண்ணே, எல்லாக் கடையிலயும் இப்படித்தான் பிரிண்ட் எடுப்பாங்க" என்றார். எனக்கு மிகவும் வலித்த பதில் அதுதான். எல்லோரும் அப்படி இல்லை. நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், இப்படிப்பட்டவர்களால் அவர்கள் பெயரும் கெடுகிறது.

பவர் கூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் ரூபாய் கொடுப்பதற்கு முன் வேறொரு டைனோவில் உங்கள் வண்டியின் இன்றைய அளவை நீங்களே எடுத்து வையுங்கள். அதற்கு முன் கம்ப்ரஷனும் பார்த்துவிடுங்கள், "என்ஜின் ஏற்கெனவே பலவீனம்" என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது. ரீமேப்புக்கு முன் ஒரிஜினல் ஃபைலை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அச்சடித்த தாள் போதாது. டைனோவின் மூலக் கோப்பும், முழு ஆக்சிலரேட்டர் ஓட்டத்தில் டைமிங், நாக்கிங், காற்று-பெட்ரோல் விகிதம் எல்லாம் பதிவான கோப்பும் வேண்டும். தர மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். டிக்கியில் அந்தப் பெட்டி கிடந்ததால்தான் என் வண்டியில் கோளாறே பிடிபட்டது.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இன்றே உங்கள் தாளை எடுத்து மூலையில் இருக்கும் திருத்த முறையைப் பாருங்கள், 5,500 ஆர்.பி.எம்.மில் உள்ள டார்க்கை நான் செய்தது போலப் பெருக்கி வகுத்துப் பாருங்கள். ஓ.பி.டி. கருவி (இ.சி.யு.வின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர்) யாரிடமாவது இருந்தால் வாங்கி, நீண்டகால ட்ரிம் எவ்வளவு என்று பாருங்கள். 10ஐத் தாண்டியிருந்தால், தெரிந்த ஒருவர் பார்த்து முடிக்கும்வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள்.