யாஷிகா மேட் 124ஜி: ஏழு வருடம், பெரும்பாலும் மரங்கள்

முதல் ரோலில் ஒரு செம்பருத்திச் செடியை எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பூவைக் காணோம்! சிவப்பும் பச்சையும் கருப்பு வெள்ளை ஃபிலிமில் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. இந்த கேமராவோடு பழகுவது என்பது பாதிக்குமேல் இந்தச் சிக்கலோடு பழகுவதுதான்.

1970இல் வந்த மாடல். படம் பிடிக்கக் கீழே ஒரு 80 மிமீ லென்ஸ், பார்ப்பதற்கு மேலே இன்னொன்று. 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள். வயிற்றோடு அணைத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். முதல் மாதம் முழுக்க எந்தப் பக்கம் திரும்புவதென்று தடுமாறினேன். பறவை என்றால் இன்றும் கோட்டைவிடுவேன். நல்லவேளை, மரம் எங்கும் ஓடாது.

பூவை மீட்டுத் தந்தது ஆரஞ்சு ஃபில்டர். அது சிவப்பை வெளிறச் செய்து இலையை இருட்டாக்கும். இலைகளே முக்கியம் என்றால் மஞ்சள்-பச்சை ஃபில்டர். தளிருக்கும் முற்றிய இலைக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் நன்றாகத் தெரிகிறது. ஆனால் ஃபில்டர் மாட்டுவது கீழ் லென்ஸில், நான் பார்ப்பது மேல் லென்ஸ் வழியே. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் கண்ணோ இரண்டிலும் சேராமல் தனியாக இருக்கிறது. ஆரஞ்சுக்கு இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், கூட்ட வேண்டும் என்று கேமரா ஞாபகப்படுத்தாது. மறந்து எடுத்த படங்கள் ஒரு கவர் நிறைய இருக்கின்றன.

மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைத்தது. நான் விவரம் தெரியாமல் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டேன். ஊசி கூடுதல் வெளிச்சம் காட்டியது, அதை நம்பி ஃபிலிமுக்குக் குறைவாக வெளிச்சம் கொடுத்தேன், இரண்டு ரோல் நெகட்டிவ் மெலிந்து வெளிறி வந்தது. இப்போது காதுக் கருவிக்கான ஜிங்க்-ஏர் பேட்டரி. ஒட்டுத்தாளை உரித்தால் சில மாதம்தான் தாங்கும், சரி, பரவாயில்லை.

ஃபிலிம் எப்போதும் இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 125. ஃபிலிம் கழுவும் ஐடி-11 டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்து 20 டிகிரியில் 11 நிமிடம். உச்சி வெயிலில் மரம் எடுப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி, அடியெல்லாம் கரி. மழை விட்டபிறகு மேகம் மூடியிருக்கும் நேரம்தான் எனக்குப் பிடித்தது. நனைந்த பட்டை கறுத்துவிடும், அதில் ஒட்டிய பாசி தனியே எடுப்பாகத் தெரியும்.

அப்போது வெளிச்சம் குறைவு, ஸ்டாண்டும் கேபிள் ரிலீஸும் இல்லாமல் நடக்காது. மீட்டர் 10 விநாடி என்றால் எஃப்பி4-க்கு 18 விநாடி கொடுக்க வேண்டும், நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோம்பிப் போகும். போன மாதம் ஓர் ஆலமரத்தை அப்படித்தான் எடுத்தேன். எட்டாவது விநாடியில் காற்று வந்தது. பட்டன் அழுத்தியாயிற்று, என்ன செய்ய? விழுதுகளில் ஒவ்வொரு நாரும் தெரிகிறது, மேலே இலைகள் வெறும் புகை. அந்த ரோலில் பிரிண்ட் போட்டது அது ஒன்றைத்தான்.