பெனிஃபிட்டா, அட்வான்டேஜா?

இரண்டுக்கும் 'நன்மை' என்று அகராதியில் பார்த்துவிட்டு, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றதைப் போட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

அட்வான்டேஜ் என்றால் எதிரில் இன்னொருவர் இருக்க வேண்டும். 'முன்னால்' என்று பொருள்படும் 'அவான்' என்ற ஃபிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. ('அட்' என்பதில் உள்ள 'ட்' ஆங்கிலத்தில் பின்னால் நுழைந்தது, ஃபிரெஞ்சில் இன்றும் கிடையாது.) டென்னிஸில் 40-40 டியூஸ் ஆனபின் அடுத்த புள்ளியை எடுத்தவருக்கு அட்வான்டேஜ். அதற்கடுத்த புள்ளியைக் கோட்டைவிட்டால் மறுபடி டியூஸ்.

பெனிஃபிட்டுக்குப் போட்டியாளர் வேண்டாம். தினமும் நடந்தால் உடம்புக்குக் கிடைப்பது பெனிஃபிட். வேலை விளம்பரத்தில் சம்பளம் போக வரும் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பெனிஃபிட்ஸ். பிரிட்டனில் ஒருவர் 'ஆன் பெனிஃபிட்ஸ்' என்றால் அரசு உதவித்தொகையில் இருக்கிறார் என்று பொருள். சொல்கிற தொனியில் சில சமயம் இளக்காரமும் இருக்கும். நம் கோர்ட் செய்திகளில் வரும் 'சந்தேகத்தின் பலன்' கூட 'பெனிஃபிட் ஆஃப் த டவுட்'தான்.

வினையாக்கும்போதுதான் வம்பு. 'டேக் அட்வான்டேஜ் ஆஃப்' என்பதைத் தள்ளுபடிக்குச் சொன்னால் பயன்படுத்திக்கொள்வது. ஆளுக்குச் சொன்னால் அவரை ஏய்ப்பது. மேலதிகாரிக்கு நன்றி மெயில் எழுதும்போது 'ஐ டுக் அட்வான்டேஜ் ஆஃப் யுவர் கைண்ட்னஸ்' என்று போட்டால், உங்கள் இளகிய மனசைச் சுரண்டிவிட்டேன் என்று வாக்குமூலம் கொடுத்த மாதிரி. அங்கே 'ஐ பெனிஃபிட்டட் ஃப்ரம் யுவர் கைடன்ஸ்' என்று எழுதுங்கள். 'பை' வேண்டாம், 'ஃப்ரம்' போடுங்கள்.