அம்பாசிடரில் துருத் தகடு மாற்றம்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு எது நின்றது?

தகடு மாற்றிய அம்பாசிடரைப் பெயின்ட் காய்ந்த வாரத்தில் பார்த்து நல்ல வேலை, கெட்ட வேலை என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஐப்பசி மழையில் நனையட்டும். பிறகு கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் (sill) என்ற பெட்டிச் சட்டத்தையும், கால்மிதி மேட்டைத் தூக்கி முன் தரையையும் பார்த்தால் உண்மை தெரியும். கிருஷ்ணகிரியில் தினமும் ஓடும் ஒரு வண்டியில் இரண்டு பக்கச் சில், முன் தரை, முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவுகளின் அடிவிளிம்பு ஆகியவை மாற்றப்பட்டன. சில்லும் தரையும் திடமாக நிற்கின்றன. மட்கார்டில் குறையில்லை. கதவு விளிம்பில் மட்டும் மறுபடி கொப்புளம் வந்துவிட்டது. உள்பக்கத்தில் செய்த வேலைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

நம் பக்கம் கடற்காற்று கிடையாது. ஆனாலும் துரு வருகிறது. மாமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் சருகும் பூவும் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் இறங்கி வடிகாலை அடைக்கின்றன. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்தால் தண்ணீர் நேராகத் தரைக்கு வரும். மேட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் (கம்பளி போன்ற விரிப்பு) அதைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சக்கர வளைவில் அப்பும் செம்மண்ணும் ஈரத்தை விடாது. உப்பேறிய போர் தண்ணீரில் கழுவினால், மடிப்புகளில் அந்த உப்பும் சேர்ந்து தங்கும்.

அம்பாசிடருக்குத் தனிச் சேஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. அதனால் சில்லை வெட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் முக்கியம். சமதளத்தில் நிறுத்தி ஸ்டாண்டுகளில் ஏற்றுங்கள். கதவுகள் மாட்டியிருக்கும்போதே இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு அங்குலச் சதுர பைப்பை முன் தூணிலிருந்து நடுத் தூணுக்கும், அங்கிருந்து பின் தூணுக்கும் டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்டவே கூடாது. முட்டு இல்லாமல் வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும்; புதுச் சில்லை வெல்டு செய்ததும் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், கதவு பூட்டில் உட்காராது. முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார் வகை, அதாவது முறுக்கிய எஃகுத் தண்டே ஸ்பிரிங்காக வேலை செய்யும். அது பொருந்தும் குறுக்குச் சட்டத்துக்கு அருகே வெட்டுவதானால் முதலில் அதன் முறுக்கத்தை இறக்கிவிடுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எரிபொருள் டாங்க், சீட், ஃபெல்ட் எல்லாம் வெளியே போக வேண்டும். சேஸ் எண் பொறித்த தகட்டைத் தொடாதீர்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது அதைப் பார்ப்பார்கள்.

தயாரிப்பு 2014-ல் நின்றுபோனதால், கடையில் கிடைக்கும் ரெடிமேட் பேனல்களை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். மெல்லிய தகடாக இருந்தால் வேண்டாம். தரைக்கும் சில்லுக்கும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ.; மட்கார்டு, கதவுத் தோலுக்கு 20 கேஜ், சுமார் 0.9 மி.மீ. எட்டுக்கு நாலு அடி 18 கேஜ் சி.ஆர். (குளிர் உருட்டு இரும்பு) ஷீட் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ வரும். இரண்டு சில்லுக்கும் முன் தரைக்கும் அது போதும். ஓசூரில் ஷீட்டை வெட்டி மடித்துத் தரும் பட்டறைகள் இருப்பதால் நேர் மடிப்புகளைக் கையால் தட்ட வேண்டியதில்லை.

பழைய ஸ்பாட் வெல்டுகளை 8 மி.மீ. பிட்டால் துளைத்துப் பிரித்தால் அடித்தகடு கிழியாது. புதுத் தகட்டின் விளிம்பில் 6 மி.மீ. துளைகளை 40 மி.மீ. இடைவெளியில் போட்டு, இரண்டு முகத்துக்கும் வெல்டுக்கு ஏற்ற ஜிங்க் பிரைமர் அடித்து, கிளாம்ப் செய்து, 0.8 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங்கால் நிரப்புங்கள். நீள வெல்டு கூடாது. 10 மி.மீ. ஒரு தையல், பிறகு தள்ளி வேறிடம்; தானாக ஆறட்டும். மட்கார்டு போன்ற அகலத் தகட்டில் கேஸ் வெல்டிங் செய்தால் சூடு பரவித் தகடு அலை அலையாக நெளியும். அதை மறைக்கப் பட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) அள்ளி அப்புவார்கள். பட்டி 3 மி.மீ.-க்கு மேல் போனால் அந்த இடத்தில் டிங்கரிங் முடியவில்லை என்றே அர்த்தம். பாலியஸ்டர் பட்டி ஈரம் உறிஞ்சும். ரெட் ஆக்சைடு பிரைமரும் தண்ணீரைத் தடுக்காது. இரண்டு கோட் டூ-பேக் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும்) எபாக்சி பிரைமர், அதன் மேல் பட்டி என்ற வரிசையில் செய்த மட்கார்டில் இன்றுவரை ஒரு கொப்புளம் இல்லை.

கதவு விளிம்பு ஏன் தோற்றது? வெளித்தோல் உள்சட்டத்தைச் சுற்றி மடிகிற இடம் அது. வெல்டு செய்தபோது மடிப்புக்குள் இருந்த பிரைமர் எரிந்துவிட்டது. பிறகு அங்கே பிரஷ் நுழையாது. மடிப்பதற்கு முன்பே இரண்டு தகட்டுக்கும் எபாக்சி அடித்து, பேனல் பசையோ, இணைப்பை அடைக்கும் சீம் சீலரோ வைத்து மடித்து, முனைகளில் மட்டும் டேக் வைப்பதே சரி. அடியில் இருக்கும் வடிதுளைகளைச் சீலர் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லிலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அங்கே கேவிட்டி வேக்ஸ் (உள்ளறைக்குள் அடிக்கும் மெழுகுப் பூச்சு) காப்பாற்றியது. பெயின்ட் வேலை முழுவதும் முடிந்தபின் நீளக் குழாய் நாசிலை உள்ளே விட்டு, வடிதுளை வழியாகச் சொட்டும்வரை அடிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிப்பது நல்லது. கழிவு என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், செம்மண் ஒட்டிக் கெட்டியாகும். தடிமனான தார்ப் பூச்சும் வெடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துத் துருவை மறைக்கும்.

வேலைக்கு மாசி, பங்குனி ஏற்ற மாதங்கள். மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் செய்வதானால், பனியில் நனைந்த தகடு வெயிலில் முழுக்கக் காய்ந்தபின்தான் பிரைமர் கன்னைக் கையில் எடுக்க வேண்டும்.