பாதி பென்ஷனை மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா? ஓய்வுபெறும் படைவீரருக்கு ஒரு கணக்கு

பென்ஷன் தாள்களை நிரப்பும்போது "கம்யூட்டேஷன் எத்தனை சதவீதம்?" என்று ஒரு கட்டம் வரும். மாத பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் மொத்தத் தொகை வாங்கிக்கொள்வதுதான் (தொகுத்து வாங்குவது) கம்யூட்டேஷன். பக்கத்தில் இருப்பவர் 50 என்று எழுதினால் நாமும் 50 என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். பணம் கைக்கு வந்தபின் முடிவை மாற்ற முடியாது. அதனால் பேனாவை எடுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

முப்படையினர் அடிப்படை பென்ஷனில் 50 சதவீதம் வரை தொகுத்து வாங்கலாம். மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கு உச்சவரம்பு 40 சதவீதம்தான். கணக்குமுறை எளிது: விட்டுக்கொடுக்கும் மாதத் தொகை × 12 × வயதுக் காரணி (ஒவ்வொரு வயதுக்கும் அரசு அட்டவணையில் உள்ள எண்). வயது என்பது இப்போதைய வயதல்ல, அடுத்த பிறந்தநாளில் வரப்போகும் வயது.

அடிப்படை பென்ஷன் 24,000 ரூபாய், அடுத்த பிறந்தநாளில் 40 வயது என்று வைத்துக்கொள்வோம். காரணி 9.090. பாதியான 12,000-ஐ விட்டுக்கொடுத்தால் 12,000 × 12 × 9.090 = 13,08,960 ரூபாய் கிடைக்கும். பதிலுக்கு 15 ஆண்டுகள், அதாவது 180 மாதங்கள், மாதம் 12,000 பிடித்தம். மொத்தம் 21,60,000. எட்டரை லட்சம் நஷ்டம் என்று சிலர் பயமுறுத்துவது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். பதினைந்து வருடக் கடனுக்கு வட்டி இருக்காதா? இதன் வட்டி ஆண்டுக்குச் சுமார் 7.3 சதவீதம். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

வயது ஏற ஏறக் காரணி இறங்கும், வட்டி ஏறும். அடுத்த பிறந்தநாளில் 55 ஆகும் அதிகாரிக்குக் காரணி 8.627, அவர் கொடுக்கும் வட்டி சுமார் 8.2 சதவீதம். ஆக, நாற்பதில் வெளியே வரும் ஹவில்தாருக்கு இது மலிவான பணம், கர்னலுக்கு அவ்வளவு மலிவில்லை.

வங்கிக் கடனோடு வைத்துப் பார்த்தால் இன்னொரு பெரிய வேறுபாடு தெரியும். பென்ஷன் கடன் வாங்கியவர் இடையில் இறந்தால் பாக்கி குடும்பத்தின் தலையில் விழும். கணவன் அல்லது மனைவியின் உத்தரவாதத்தை வங்கிகள் கேட்பதே அதற்காகத்தான். கம்யூட்டேஷனில் மீதிப் பிடித்தம் அவரோடு முடிந்துவிடும். குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. உள்ளேயே ஆயுள் காப்பீடு வைத்த கடன் என்றே சொல்லலாம்.

அகவிலைப்படி குறையுமோ என்ற பயம் தேவையில்லை. அது முழு 24,000-க்கே கணக்கிடப்படும். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் உயர்ந்தாலும் பிடித்தம் அதே 12,000-இல் நிற்கும்.

வரியைப் பொறுத்தவரை, படைவீரர் தொகுத்து வாங்கும் தொகை முழுவதற்கும் விலக்கு உண்டு. மாத பென்ஷனுக்கு வரி உண்டு. ஆனால் புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், பென்ஷனை மட்டும் நம்பியிருப்பவருக்கு இதில் பெரிய லாபமில்லை. மறுவேலையில் நல்ல சம்பளம் வாங்குபவருக்குத்தான் லாபம்.

யார் வாங்கலாம்? கையில் 7.3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கடன் இருப்பவர், வீடு கட்டப்போகிறவர், வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தையே நம்பி மற்றவர்கள் இருப்பவர்: இவர்கள் 50 எழுதலாம். வைப்புநிதியில் போட்டு வட்டி சாப்பிடலாம் என்பவர் யோசிக்க வேண்டும். முதியோர் சேமிப்புத் திட்டத்தில் ஓய்வுபெற்ற படைவீரர் 50 வயதிலேயே சேரலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது. நமது 55 வயது அதிகாரி 8.2-க்கு வாங்கி 8.2-க்குப் போட்டு, அந்த வட்டிக்கு வரியும் கட்டுவார்! நாற்பது வயதுக்காரருக்கோ அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், சேமநிதி, குழுக் காப்பீட்டு முதிர்வு எல்லாம் அதே நேரத்தில் மொத்தமாக வரும் என்பதையும் மறக்கக் கூடாது. முதலில் அவற்றைக் கூட்டிப் பார்த்து, எவ்வளவு குறைகிறதோ அதற்கு மட்டும் வாங்கலாம். 25 சதவீதம் போதுமென்றால் 6,54,480 ரூபாய் கிடைக்கும், பிடித்தம் மாதம் 6,000 மட்டுமே.

"இப்போது வேண்டாம், பெண்ணுக்குக் கல்யாணம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்" என்பதும் ஒரு வழி. காரணியால் பெரிய இழப்பில்லை: 45 வயதுக்கு 8.996, அதாவது மேலே சொன்ன அதே 12,000-க்கு 12,95,424 ரூபாய். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஓய்வுபெற்று ஓராண்டு கடந்து விண்ணப்பித்தால் மருத்துவ வாரியத்தின் முன் நிற்க வேண்டும். சர்க்கரை, இதயக் கோளாறு என்று ஏதாவது இருந்தால் வாரியம் வயதைக் கூட்டிக் கணக்கிடச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம். உடம்பு சரியில்லாதவருக்குத்தான் உள்ளே இருக்கும் அந்தக் காப்பீடு அதிகம் தேவை. தள்ளிப்போட்டால் அது கிடைக்காமல் போகக்கூடியவரும் அவரே.

எந்த முடிவானாலும் பென்ஷன் ஆணை வந்ததும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: பிறந்த தேதி (தப்பாக இருந்தால் காரணி மாறிவிடும்), தொகுத்த சதவீதம், பிடித்தம் தொடங்கிய தேதி. 15 ஆண்டு அந்தத் தேதியிலிருந்து ஓடுகிறதே தவிர, ஓய்வுபெற்ற நாளிலிருந்து அல்ல. பணம் தாமதமாக வந்தவருக்கு இரண்டும் வேறு வேறு. 15 ஆண்டு முடியும் மாதம் வந்தபின் படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பென்ஷன் சீட்டை எடுத்துப் பார்த்து, 12,000 பிடித்தம் இன்னும் ஓடினால் அங்கேயே புகார் பதியலாம். இணையம் கைவராதவருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது.