வேதியியல் வகுப்பில் விஆர் ஹெட்செட்: பாலக்கோட்டு அனுபவம்

பாலக்கோட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். கொரோனா முடிந்து பள்ளிகள் திறந்த சமயத்தில் வாங்கிய இரண்டு விஆர் ஹெட்செட்டுகள் (தலையில் மாட்டினால் முப்பரிமாண மெய்நிகர் காட்சி காட்டும் கருவிகள்) இன்றும் வகுப்பில் ஓடுகின்றன. வாங்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: மூலக்கூறு வடிவம் சொல்லித்தர தாராளமாக வாங்குங்கள், செய்முறைக்காக வாங்காதீர்கள்.

மீத்தேனின் 109.5 டிகிரி பிணைப்புக் கோணத்தைக் கரும்பலகையில் எப்படி வரைந்தாலும் பிள்ளைகள் மனதில் ஒரு கூட்டல் குறிதான் பதிகிறது. ஹெட்செட்டில் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஈத்தேன் பாடம். ஒரு கார்பனைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். இரு பக்கத்து ஹைட்ரஜன்களும் நேருக்கு நேர் வந்தால் கையிலுள்ள கண்ட்ரோலர் அதிரும். 60 டிகிரி தள்ளித் திருப்பினால் அடங்கிவிடும். மாரண்டஅள்ளியிலிருந்து வரும் ஒரு மாணவி, "இந்த இடம் அதுக்குப் பிடிக்கல சார்" என்றாள். ஹைட்ரஜன்கள் நேருக்கு நேர் நிற்கும் நிலையில் ஆற்றல் மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல் அதிகம் என்று மட்டும் சொன்னேன். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று மேடு, மூன்று பள்ளம் என்று ஆற்றல் வரைபடத்தை அவளே போட்டுவிட்டாள்.

ஆனால் கையில் கிடைப்பது வெறும் அதிர்வுதான், விசை இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரூக்ஸ் குழு 1967-ல் தொடங்கிய குரோப் திட்டத்தில், மூலக்கூறுகளுக்கு இடையிலான விசையை ஓர் இயந்திரக் கை வழியாகவே உணர முடிந்தது. சின்ன கண்ட்ரோலர் அப்படி எதிர்த்துத் தள்ளாது.

செய்முறையில் இந்தக் குறை நன்றாகவே உறைக்கிறது. பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆக்சாலிக் அமிலத்தின் செறிவைக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தலில் குடுவை 60-70 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். முதல் சொட்டுகளின் நிறம் மெதுவாக மறையும், அப்புறம் வேகம் பிடிக்கும். முடிவு நெருங்கும்போது பியூரெட் (சொட்டு விடும் அளவுக் குழாய்) திருகை மயிரிழை திருப்பி ஒரே ஒரு சொட்டு விடும் பக்குவம் விரலுக்கு வரவேண்டும். விஆரில் பட்டனை அழுத்தினால் சொட்டு விழுந்துவிடுகிறது. அதில் பழகிய பையன்கள் நிஜ பியூரெட்டில் இளஞ்சிவப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதனால் தரம்பார்த்தலுக்கு இப்போது கண்ணாடிப் பியூரெட் மட்டும்தான்.

வாங்குகிறவர்கள் ஹெட்செட்டின் பஞ்சு மெத்தைக்குச் சிலிகான் உறை போடுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வியர்வை ஊறி நாறிவிடும். அதிர்வை முழுதாக வைத்தால் கண்ட்ரோலர் செல் சீக்கிரம் தீரும், சார்ஜ் ஏற்றும் செல்லே நல்லது. தலை சுற்றும் பிள்ளைகளை உட்காரவைத்தே காட்டுங்கள். உள்ளே தெரிவதை டிவியிலும் ஓடவிட்டால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், மாட்டியிருப்பவரிடம் "அந்த ஹைட்ரஜனைத் திருப்புடா" என்று பாடத்தை அவர்களே நடத்துவார்கள்.