கெட்சல்கோவாட்ல் வரைய: பென்சிலா, மைப்பேனாவா?

பழைய மெக்சிகோவில் வாழ்ந்த ஆஸ்டெக் மக்களின் இறகுப் பாம்புத் தெய்வம் கெட்சல்கோவாட்ல். அவர்களுடைய நவாட்ல் மொழியில் ‘கோவாட்ல்’ என்றால் பாம்பு. முன்பாதி கெட்சல் பறவையின் நீண்ட பச்சை இறகைச் சொல்கிறது. ஆக, திரண்ட உடல், மெல்லிய இறகு இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும். சிக்கலே அங்கேதான்.

பென்சிலில் உடல் சுலபம். 2பி பென்சிலால் மெல்லத் தீட்டிவிட்டு, ஒரு சுருள் இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில் மட்டும் அதைவிட மென்மையான, கறுப்பான 6பி-யை அழுத்துங்கள். மேல் சுருள் சட்டென்று எழும்பி நிற்கும். அடிவிளிம்பில் நூலளவு வெளிச்சம் விட்டால் உருண்டையாகவே தெரியும், கல் சிற்பம் மாதிரி. இறகை மட்டும் விரலால் தேய்க்காதீர்கள், பஞ்சாகிவிடும். நான் மூன்று தாள்களை வீணாக்கியது அப்படித்தான்.

மைப்பேனாவில் அழிக்க வழியில்லை. நிழலுக்குக் கோடுகளை நெருக்க வேண்டும், அதுவும் உடலோடு வளைந்து போக வேண்டும். நேர்க்கோடு போட்டால் பாம்பு பலகையாகிவிடும். ஆனால் இறகுக்குப் பேனாதான்: நடுத்தண்டிலிருந்து வெளியே ஒரே இழுப்பு, நுனியில் கையை எடுத்துவிட வேண்டும்.

ஆஸ்டெக் ஓவியச் சுவடிகளில் கறுப்பு வெளிக்கோடும் தட்டையான நிறமும்தான் உண்டு, நிழல் கிடையாது. அந்தச் சாயல் வேண்டுமென்றால் பேனாவை எடுங்கள். முதல்முறை வரைபவருக்கு நான் பென்சிலைத்தான் கொடுப்பேன்.